ட்யூபுக்குப் பயம், பிரஷருக்கு இல்லை

அம்மாபேட்டைல இருக்கற எங்க பெரியப்பாவுக்கு எழுபது தாண்டியாச்சு. ஒரு டெஸ்ட் எடுத்துக்கலாம்னா, "நல்லா இருக்கறவனக் கூட்டிட்டுப் போயி நோயாளி ஆக்கறதுக்கா?"ம்பார். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துல வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பாக்கற பொண்ணுக்கு மோர் குடுத்து உபசரிப்பார். கையை மட்டும் நீட்ட மாட்டார்.

அதே மனுஷன் சாவைப் பத்திப் பேசக் கூச்சமே படறதில்ல. "ஐசியூல போட்டு ட்யூப் சொருகிடாதீங்கடா, வீட்லயே விட்ருங்க." பசங்க உடனே, "வாயக் கழுவுங்கப்பா!" (அவங்களுக்குத்தான் பயம்.)

இதை முன்கூட்டியே எழுதி வைக்க உச்ச நீதிமன்றம் 2018லயே வழி விட்டாச்சு. அப்ப மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்துச்சு. 2023 ஜனவரில அதையும் எளிசாக்கிட்டாங்க: ரெண்டு சாட்சி, நோட்டரி இல்லன்னா கெசட்டட் ஆபீசர் முன்னாடி கையெழுத்து, போதும். சொன்னதும் பெரியப்பா, "நோட்டரி எங்க இருக்காரு?"ன்னு செருப்பத் தேட ஆரம்பிச்சிட்டார்.

அப்பத்தான் பிடிச்சேன். "பிரஷரக் கவனிக்காம விட்டா பக்கவாதம் வரலாம் பெரியப்பா. வந்தா உடனே போயிடுவோம்னு இல்ல, வருஷக்கணக்கா படுக்கைல கிடக்க வேண்டி வரலாம். ஒருத்தர் வாயில ஊட்டணும், ஒருத்தர் துணி மாத்தணும்."

கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

"சரி கண்ணு, அந்தப் பொண்ணு வந்தா பிரஷர் மட்டும் பாக்கச் சொல்லு. ரத்தம் கித்தம்னு ஊசியத் தூக்கிட்டு வந்தா மோர் கிடையாது."