எட்டுக்கு நாலு பிளைவுட்: மெஷினுக்கு முன்னால் ஓரக்கட்டை

எட்டடிக்கு நாலடி பிளைவுட் ஷீட்டை நேராக அறுக்க, பாளையங்கோட்டை, பேட்டைப் பக்கம் வீட்டு வேலைக்கு வரும் ஆசாரிமார் பலர் கையில் இருப்பது நாலு இஞ்ச் மார்பிள் கட்டர்தான். மர பிளேடு மாட்டி ஓட்டுவார்கள். அது கல்லுக்கானது, பல் பிளேடை மூடும் கார்டு கிடையாது. அடித்தட்டும் சிறியது, எட்டடி ஓட்டத்தில் கை லேசாகத் திரும்பினாலே கோடு விலகும். மரம் அறுக்கும் வட்ட ரம்ப மெஷினான ஏழு இஞ்ச் சர்க்குலர் சா வாங்குங்கள். கூட வரும் 24 பல் பிளேடு பலகை பிளக்கத்தான்; பிளைவுடுக்கு 40 முதல் 60 பல் கார்பைடு பிளேடு.

எவ்வளவு விலை கொடுத்தாலும் மெஷின் தானாக நேரே போகாது. அதை நேரே நடத்தும் ஓரக்கட்டை ஒன்று செய்துகொள்ளுங்கள். எட்டடி நீளம், ஒரு அடி அகலத்துக்கு 6 மி.மீ. பிளை. அதன் மேல் 12 மி.மீ. பிளையில் மூணு இஞ்ச் பட்டை. பட்டையின் கம்பெனி ஓரம், அதாவது கம்பெனியிலேயே வெட்டி வந்த நேரான ஓரம், மெஷின் பக்கம் இருக்கட்டும். பட்டையை ஒட்டி மெஷினை ஒருமுறை ஓட்டினால் அடிப்பிளை அறுந்த ஓரமே வெட்டுக்கோடு. அதைக் குறியில் வைத்து இரண்டு சி கிளாம்பு போட்டால் போதும். பிளேடு மாற்றினால் இது பொய் சொல்லும், புதிதாகச் செய்யணும்.

பலரும் சறுக்குவது கணக்கில். ஷீட்டின் அகலம் 1220 மி.மீ., இரண்டு 24 இஞ்ச் சேர்ந்தால் 1219.2. பிளேடு தின்பது ஏறத்தாழ 2.5 மி.மீ., ஒரு நூலுக்கு (இஞ்சில் எட்டில் ஒரு பங்கு) சற்றுக் குறைவு. ஆக, 24 இஞ்ச் துண்டு இரண்டு வராது. அலமாரி ஆழத்தை 23 இஞ்ச் 6 நூல் என்றே எழுதுங்கள். முழு ஷீட்டின் மூலைவிட்டம் இரண்டையும் அளந்து பாருங்கள்; 2728 மி.மீ. வாக்கில் சமமாக வரணும். வராவிட்டால் கம்பெனி மூலையை நம்பி மூலைமட்டம் வைக்க வேண்டாம்.

பல் கீழிருந்து மேலே ஏறுவதால் சில்லு பெயர்வது மேல்முகத்தில். நல்ல முகம் தரையைப் பார்க்கட்டும். பிளேடு பிளைக்குக் கீழே 5 மி.மீ. இறங்கினால் போதும். ஷீட்டுக்கு அடியில் நாலு ரீப்பர் கட்டை, வெட்டுக்கு இருபுறமும் இரண்டிரண்டு. ஒருபுறம் தொங்கினால் வெட்டு இறுகி பிளேடைக் கவ்வும், மெஷின் பின்னால் எகிறும்.

தென்காசிப் பக்கத்தவர்களுக்கு இன்னொன்று: ஆனி ஆடியில் மொட்டைமாடி வேண்டாம். அந்தக் காற்றில் முழு ஷீட் பாய்மரம்தான்.