மூணு கிலோமீட்டர் செம்மண் ரோடும் என் சத்ரியாவோட அப்சார்பரும்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மாவ, மலேசியாவுல பேராக் பக்கம் இருக்குற சுங்கை சிப்புட் டவுன்லேர்ந்து தோட்டத்து வீட்டுக்கு ஏத்திட்டுப் போனேன். மடியில தூக்குச்சட்டி, அதுல சின்னம்மா குடுத்தனுப்புன மீன் கறி. தார் ரோடு முடிஞ்சு செம்பனைக்குள்ள செம்மண் ரோடு ஆரம்பிக்கிற எடத்துல ஒரு பள்ளம் இருக்கு, பழம் ஏத்துற லாரிங்க தோண்டி வச்ச பள்ளம், அதுல முன் வீல் எறங்குனதும் டம்முனு ஒரு சத்தம், பாதிக் கறி அம்மா சேலையில, மீதி என் ரெக்காரோ ஸ்போர்ட் சீட்டுல. அம்மா திட்டவே இல்ல. கறியத் தொடச்சிக்கிட்டே "இதுக்கு உங்கப்பா காலத்து மாட்டு வண்டியே மேலடா"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா கூட பரவால்ல.

காடி, அதான் நம்ம காரு, 2002 புரோட்டான் சத்ரியா ஜிடிஐ. 1.8 டிஓஹெச்சி, மிட்சுபிஷி 4ஜி93 இஞ்சின், ஏறக்குறைய 140 குதிரை. புரோட்டான் 1996ல லோட்டஸ் கம்பெனிய வாங்குனாங்கல்ல, அதுக்கப்புறம் வந்த காடி, சஸ்பென்ஷன, அதாவது பாடிய வீல் மேல தாங்குற ஸ்பிரிங், அப்சார்பர் எல்லாத்தையும், செட் பண்ணுனது லோட்டஸ்காரங்க. இந்தக் காடிய நான் செகண்ட் ஹேண்டுல எடுத்தப்ப அந்த லோட்டஸ் வேலையில ஒண்ணும் மிச்சமில்ல. எனக்கு முன்னாடி வச்சிருந்தவர் ஹை-லோ அப்சார்பர் (ஒசரத்த ஏத்தி எறக்கலாம், ஸ்பிரிங்கும் ஆட்டத்த அடக்குற எண்ணெக் குழாயும் சேந்தது) ஒரு செட் மாட்டி, டயருக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு விரல் கூட நுழையாத அளவுக்கு எறக்கி வச்சிருந்தார். பாக்க அழகுதான், நான் விழுந்ததே அந்த அழகுலதான், பொய் சொல்லல.

ஸ்பிரிங் மேல முன்னாடி 8, பின்னாடி 6ன்னு எழுதியிருந்துச்சு. அப்ப எனக்கு அது வெறும் நம்பர். பின்னாடி ஒரு அப்சார்பர்ல எண்ணெ ஒழுகுது, முன் டயர் உள்பக்கம் மட்டும் தேஞ்சு கம்பி தெரியுது, ஹைவேயில மெனோரா இறக்கத்துல வளைவுக்கு நடுவுல சின்ன மேடு வந்தா முன்பக்கம் தவளை மாதிரி தாவுது. சரி, புது செட் வாங்கணும்னு முடிவு பண்ணி, ரெண்டு மாசமா ராத்திரி ராத்திரி போனும் கையுமா ஒக்காந்து பிராண்டு பிராண்டா தேடுனேன், கூட்டாளிங்க ஆளுக்கொண்ணு சொன்னானுங்க, ஒருத்தன் ஓலின்ஸ்ங்கிறான் (அந்த வெலைக்கு எனக்கு இன்னொரு சத்ரியாவே வந்துரும்லா), ஒருத்தன் ஹேப்கட் கடையில (வெட்டி வந்த பழைய காடி சாமான் விக்கிற கடை) போயி மிட்சுபிஷி மிராஜ் அப்சார்பர் எடுத்துப் போடுங்கிறான், ஒருத்தன் ஸ்பிரிங்க வெட்டிரு போதும்ங்கிறான், அவன் பேச்சையெல்லாம் கேக்கக் கூடாது.

நம்ம போமன் (மெக்கானிக்) அண்ணன் மட்டும்தான் பிராண்ட் பத்தி ஒண்ணும் சொல்லல. காடிய தூக்கி, கடப்பாரை மாதிரி ஒரு கம்பிய லோவர் ஆர்ம் (வீல கீழ புடிச்சிருக்கிற இரும்புக் கை) புஷ்ல, அதாவது அதோட மூட்டு ரப்பர்ல, விட்டு நெம்புனார், ரப்பர் பொட்டிக்கடை பிஸ்கட்டு மாதிரி உதிருது. "ஏன் தம்பி, பால்மரம் வெட்டுனவர் மகன்தானே நீ, ரப்பர பாக்க மறந்துட்டியே"ன்னு சிரிச்சார். இருவது வருசத்துக்கு மேல ஆன காடியில லோவர் ஆர்ம் புஷ், பின்னாடி லிங்க் புஷ், அப்சார்பர் மவுண்டிங், பால் ஜாயிண்ட் இதெல்லாம் செத்துப் போயிருந்தா, எத்தனாயிரம் வெள்ளி அப்சார்பர் போட்டாலும் வீல் தன் இஷ்டத்துக்குத்தான் ஆடும், பிரேக் அடிச்சா டோ (மேலேர்ந்து பாத்தா வீல் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கிற கோணம்) மாறும், அலைன்மெண்ட் நிக்காது. என் டயர் தின்னுப் போனதுக்கு நான் கேம்பரத்தான் (முன்னாடி நின்னு பாத்தா வீல் சாஞ்சு நிக்கிற கோணம்) குத்தம் சொல்லிக்கிட்டு இருந்தேன், ஆனா கேம்பர விட டோ தப்பா இருந்தாத்தான் டயர் சீக்கிரம் போகும், அந்த டோ நிக்காததுக்குக் காரணம் இந்த செத்துப்போன ரப்பர். மொதல்ல புஷ் எல்லாத்தையும் மாத்துனோம், 600 வெள்ளி சொச்சம் கூலியோட சேத்து. அந்த பழைய ஒழுகுற செட்டோடயே காடி பாதி சரியாச்சு, அதுதான் எனக்கு வயித்தெரிச்சல். ரெண்டு மாசம் தூங்காம தேடுனேனே.

அப்புறம் அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "இந்தக் காடி தினம் எந்த ரோட்டுல ஓடுது?" ஈப்போவுக்கு வேலைக்குப் போக பழைய ஒண்ணாம் நம்பர் ரோடு, மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம சிம்பாங் பூலாய் வழியா கேமரன் மல, சும்மா ஆசைக்கு. வாரத்துல நாலு நாள் அம்மா வீட்டுக்கு, அந்த மூணு கிலோமீட்டர் செம்மண். "அப்ப அந்த மூணு கிலோமீட்டருக்குத்தான் நீ சஸ்பென்ஷன் வாங்கணும், மத்ததெல்லாம் தானா நல்லா இருக்கும்"ன்னார். எனக்கு அப்ப கோவமா வந்துச்சு. மலைக்காக ஒருத்தன் ஜிடிஐ வாங்குவான், நீ லாரி ரோட்டுக்கு வாங்குங்கிறியேண்ணே. ஆனா வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பாத்தப்பதான் வாய மூடுனேன்.

கணக்கு பெருசு ஒண்ணுமில்ல. ஸ்பிரிங் மேல 8ன்னு இருந்தா, அத ஒரு மில்லிமீட்டர் அமுக்க 8 கிலோ பாரம் வேணும்னு அர்த்தம். என் காடியில முன் ஸ்பிரிங் ஒண்ணு சுமார் 300 கிலோ தாங்குதுன்னு வச்சுக்குவோம். அப்ப காடி சும்மா நிக்கும்போதே 8 கிலோ ஸ்பிரிங் 37 மில்லிமீட்டர்தான் அமுங்கியிருக்கும், 4 கிலோ ஸ்பிரிங்னா 75. இதுல என்ன இருக்குன்னு கேட்டா, பள்ளம் வரும்போது வீல் கீழ எறங்கி மண்ணத் தொடணும்ல, அதுக்கு இருக்குற எடமே அந்த அமுங்குன தூரம்தான். நம்ம பசங்க பிரீலோடுன்னு சொல்லி ஸ்பிரிங்க மேலேர்ந்து ஒரு 10 மில்லிமீட்டர் இறுக்கி வச்சிருப்பானுங்க, அதுவும் இதுலேர்ந்துதான் போகும், அப்ப மிச்சம் 27. அதுக்கு மேல ஆழமான பள்ளம்னா வீல் அந்தரத்துல தொங்கும், அப்புறம் மொத்தமா போயி மோதும். அந்த டம்முதான் அம்மா சேலையில கறி.

பிரீலோட் ஏத்துனா ஸ்பிரிங் கடினமாகும்னு நெறைய பேரு நம்புறாங்க, நானும் நம்புனவன்தான். ஒரே அளவு சுத்துள்ள நேர் ஸ்பிரிங்ல அப்படி ஆகாது, காடி கொஞ்சம் ஒசரும், கீழ எறங்குற தூரம் கொறையும், 8 கிலோ 8 கிலோவாதான் இருக்கும்.

இன்னொண்ணு ஆட்டம். ஸ்பிரிங் மேல நிக்கிற பாரம் ஒரு செகண்டுக்கு எத்தன தடவ மேலயும் கீழயும் ஆடும்னு ஒரு கணக்கு இருக்கு. சாதா குடும்பக் காடிங்க ஒண்ணுலேர்ந்து ஒண்ணரை, ஸ்போர்ட் காடி ரெண்டுக்குள்ள. அதே 300 கிலோவுக்கு 8 கிலோ ஸ்பிரிங் 2.5க்கு மேல போகுது, அதெல்லாம் செப்பாங் டிராக்குக்கு சரி, நெத்தி மாதிரி வழவழன்னு இருக்குற ரோட்டுக்கு. 4 கிலோ 1.8 கிட்ட நிக்குது. பின்னாடி வேற கத, இந்தக் காடிக்கு முன்னாடி மெக்பெர்சன் ஸ்டிரட் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் ஒண்ணா வீல் பக்கத்துல நிக்கிறது), பின்னாடி மல்டிலிங்க் (பல கைங்க வீலப் புடிச்சிருக்கிறது), பின் அப்சார்பர் வீல்லேர்ந்து உள்ள தள்ளி நிக்கும், அதனால ஸ்பிரிங்ல எழுதியிருக்கிற நம்பர் அப்படியே வீலுக்குப் போயி சேராது. உதாரணத்துக்கு வீல் 10 நவுந்தா ஸ்பிரிங் 7தான் நவுருதுன்னா, 0.7ஆல ரெண்டு தடவ பெருக்கணும், 6 கிலோ வீல்ல 3 கிலோவுக்கும் கொஞ்சம் கம்மியாதான் தெரியும். அதனால முன்னாடி நம்பரையும் பின்னாடி நம்பரையும் பக்கத்துல வச்சு ஒப்பிட்டா ஏமாந்து போவீங்க.

எறக்குனா காடி வளைவுல சாயாதுன்னு நெனைச்சேன் பாருங்க, அதுவும் பாதி தப்பு. மெக்பெர்சன்ல ரொம்ப எறக்குனா லோவர் ஆர்ம் வெளிப்பக்கம் மேல தூக்கிக்கும், காடி சாயுறதுக்கு அச்சு மாதிரி ஒரு புள்ளி இருக்கு, ரோல் சென்டர்னு சொல்றது, அது காடிய விட வேகமா கீழ போயிரும். அப்ப காடிக்கும் அந்தப் புள்ளிக்கும் தூரம் கூடி, சாயுற ஆசையும் கூடுது. அத அடக்க ஸ்பிரிங்க கல்லு மாதிரி போடுறாங்க. என் பழைய செட்டோட மொத்தக் கதையும் இதுதான், மொதல்ல எறக்கி கெடுத்து, அப்புறம் இறுக்கி இன்னும் கெடுத்தது.

எதத் தேடணும்னு தெரிஞ்சதும் லிஸ்ட் தானா சின்னதாச்சு. பாடி ஷிஃப்ட் வேணும், அதாவது ஒசரத்த கீழ் பிராக்கெட்ட சுத்தி மாத்தலாம், ஸ்பிரிங்கயும் ஸ்ட்ரோக்கயும் (அப்சார்பர் நவுர்ற தூரம்) தொட வேணாம். ஸ்பிரிங் ரேட் நாம கேக்குறது குடுக்கணும். மேல் மவுண்டிங் ரப்பர், பில்லோ பால்ங்கிற இரும்பு உருண்ட மூட்டு வேணாம், அது ஸ்டீரிங் கூர்மையா இருக்கும் ஆனா இரும்பும் இரும்பும் பேசிக்கிற சத்தம் டக்கு டக்குன்னு காதுல விழும், தூசி போனா சீக்கிரம் தேயும். அப்புறம் இதச் சொன்னா பசங்க சிரிப்பானுங்க, நான் ட்வின் டியூப்தான் (குழாய்க்குள்ள குழாய்) வேணும்னு தேடுனேன். மோனோ டியூப் (ஒத்தக் குழாய்) ஒசத்திங்கிறது உண்மை, பில்ஸ்டைன் பேர் வாங்குனதே அதுலதான், தைவான்காரன் பிசி ரேசிங்கோட பிஆர் செட்டும் மோனோதான், இறுக்கம் மாத்த 30 கிளிக். பிஸ்டன் பெருசு, சூடு சீக்கிரம் வெளிய போகும். ஆனா அதுல பிஸ்டன் ஓடுறது வெளிக் குழாய்லயே. செம்மண் ரோட்டுல ஒரு கல்லு தெறிச்சு குழாய் நசுங்குனா அப்சார்பர் காலி. ட்வின் டியூப்ல வெளிய நசுங்குனா உள் குழாய் தப்பிச்சிரும், கேஸ் அறை பிஸ்டனுக்கு நேர் வரிசையில நிக்காததால அதே நீளத்துக்கு ஸ்ட்ரோக்கும் கூட. ஜப்பான்காரன் டெய்னே ஃப்ளெக்ஸ் இசட்ட ட்வின் டியூப்லதான் பண்றான், 16 கிளிக், அவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியும்.

கடைசியில ட்வின் டியூப் பாடி ஷிஃப்ட் செட் ஒண்ணு, ஆர்டர் குடுத்து முன்னாடி 4 பின்னாடி 4 ஸ்பிரிங்கோட, 1,900 வெள்ளி. கடைக்காரர் போன்ல "பாஸ், நாலு ரொம்ப சாஃப்ட்டு பாஸ், எல்லாரும் ஆறு எட்டுதான் எடுக்குறாங்க"ன்னார். எல்லாரும் எங்க அம்மாவ ஏத்திட்டுப் போகலயே பாஸ்னு சொல்லல, மனசுக்குள்ள மட்டும் சொல்லிக்கிட்டேன்.

மாட்டும்போது அண்ணன் பம்ப் ஸ்டாப்ப (முழுசா அமுங்குனா மோதலத் தாங்குற ரப்பர்) வெட்ட விடல. புஷ் போல்ட்ட எல்லாம் காடி தரையில நிக்கிற ஒசரத்துலதான் இறுக்குனார், தொங்க விட்டு இறுக்குனா ரப்பர் முறுக்கிக்கிட்டே கெடந்து சீக்கிரம் கிழியும். ரெண்டு விரல் இடைவெளி விட்டோம், பழச விட நல்லா ஒசரம். ஒரு வாரம் ஓட்டி ஸ்பிரிங் உக்காந்ததுக்கு அப்புறம்தான் அலைன்மெண்ட்.

நாப் பத்தி, அதான் அப்சார்பர் இறுக்கத்த கிளிக் கிளிக்கா மாத்துற திருகு, ஒரு வார்த்த. என் செட்டுல மாதிரி ஒத்த நாப் இருந்தா அது பெரும்பாலும் ரீபவுண்டத்தான் அதிகமா மாத்தும், அதாவது அமுங்குன ஸ்பிரிங் திரும்பி வர்ற வேகத்த. பெரிய பள்ளத்துல மோதுற மோதலுக்கு அது அவ்வளவா கேக்காது. அதனால ரோடு கரடா இருந்தா இறுக்குறது முட்டாள்தனம், வீல் கீழ திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த பள்ளம் வந்துரும், காடி கொஞ்சம் கொஞ்சமா குந்திக்கிட்டே போகும். முழுசா இறுக்கிட்டு அங்கேர்ந்து பின்னாடி எண்ணணும், ஒரு நோட்டுல எழுதி வச்சுக்கணும், ஒரு தடவைக்கு ரெண்டு கிளிக், அதே ரோடு, அதே ஸ்பீடு. நான் அந்த மூணு கிலோமீட்டர ஒரு சாயங்காலத்துல ஆறு தடவ போயிட்டு வந்தேன், லயத்து வாசல்ல ஒக்காந்திருந்த தாத்தா ஒருத்தர் "ஏம்ப்பா, ஏதாச்சும் தொலைச்சிட்டியா"ன்னு கேட்டார்.

இப்ப முன்னாடி 10, பின்னாடி 12, இறுக்கத்துலேர்ந்து. கேமரன் போறப்ப முன்னாடி ரெண்டு பின்னாடி நாலு கிளிக் இறுக்குவேன், பின்பக்கம் கொஞ்சம் கூட இறுக்குனா முன் டிரைவ் காடி வளைவுல திரும்ப மனசு வைக்குது. முன்ன விட சாயுது, ஒத்துக்குறேன், ஆனா நடுவுல மேடு வந்தா டயர் ரோட்ட விடல, அதனால முன்ன விட வேகமாத்தான் போறேன்னு நெனைக்கிறேன், கூட வந்தவன் அப்படித்தான் சொல்றான், அவனுக்கு அன்னைக்கு தே தாரே நான்தான் வாங்கிக் குடுத்தேன்ங்கிறத கணக்குல எடுத்துக்குங்க.

அம்மா போன வாரம் அதே தூக்குச்சட்டியோட ஏறுனாங்க, கறி சிந்தல. ஆனா சீட்டு ரொம்பப் பள்ளமா இருக்காம், எந்திரிக்க முட்டி வலிக்குதாம். ரெக்காரோவ எடுத்துட்டு சாதா சீட்டு போடச் சொல்றாங்க. அதுக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லல.