ஜெல் போட்டா மீட்டர எங்க வைக்கணும்

சுங்குடி சேலைய ஆன்லைன்ல விக்கிறவங்க இப்பல்லாம் வெள்ள பேக்ரவுண்ட் வேணாம்ணே, பின்னாடி நல்லா கலரா அடிச்சுக் குடுங்கன்னு கேக்குறாங்க. மதுரைல எங்க ஸ்டூடியோவுல ஜெல்லுக்கு, அதாவது லைட்டுக்கு முன்னாடி மாட்டுற கலர் ஷீட்டுக்கு, இம்புட்டு வேலை வந்ததே அதனாலதான். தொழில்ல இருக்க தம்பிங்க கேக்குற மொத கேள்வி, ஜெல் போட்டா எத்தன ஸ்டாப் கூட்டணும்ணே?

ஒரு ஸ்டாப் கூட்டுனா வெளிச்சம் ரெண்டு மடங்காகும், கொறச்சா பாதியாகும். அந்தக் கேள்விக்கு ஒரே நம்பர் கிடையாதுப்பா. ஜெல் சாம்பிள் புக்ல ஒவ்வொரு ஷீட்டுக்கும் எத்தன சதவீதம் வெளிச்சம் உள்ள விடும்னு போட்டிருக்கும், 50 சதவீதம்னா ஒரு ஸ்டாப் போச்சு, 25ன்னா ரெண்டு. மஞ்சள் பெருசா எதையும் சாப்பிடாது. லீ கம்பெனியோட 106 ப்ரைமரி ரெட் சுமாரா 9 சதவீதம்தான் விடும், அது மூன்ற ஸ்டாப் கணக்கு. 181 காங்கோ ப்ளூ ஒரு சதவீதம் கூட விடாது, கிட்டத்தட்ட ஏழு ஸ்டாப் முழுங்கிரும். ரெண்டையும் ஒரே பவர்ல வச்சுட்டு ஏன் ஊதா வரலன்னு கேட்டா எப்படி வரும்?

அதனால கணக்குப் போடுறத விட ஜெல்ல மாட்டிட்டு அளக்குறதுதான் சரி. ஆள் மேல அடிக்கிற மெயின் லைட்ட, அதான் கீ லைட்ட, அணைச்சிருங்க, வெளிச்சத்த அளக்குற மீட்டர பேக்ரவுண்ட் துணியோட ஒட்டி வச்சு அந்த ஜெல் லைட்ட மட்டும் அடிச்சுப் பாருங்க. மீட்டர்ல எஃப் நம்பர் பெருசா காட்டுனா வெளிச்சம் ஜாஸ்தின்னு அர்த்தம். மாடல் மூஞ்சில எஃப் 8 வருதுன்னா, வெள்ளப் பேப்பர்ல ஜெல் லைட் எஃப் 4 சுத்தி, அதாவது ரெண்டு ஸ்டாப் கம்மியா இருந்தாதான் கலர் கெட்டியா நிக்கும். சாம்பல் பேப்பர்னா எஃப் 8 வரைக்கும் போகலாம், கருப்புத் துணின்னா அதுக்கும் மேல. மீட்டர் விழுற வெளிச்சத்ததான் அளக்குது, அது விழுற துணி கருப்பா வெள்ளையான்னு அதுக்கு எப்படித் தெரியும்.

அதுவும் தொடக்கம்தான், ஏன்னா மீட்டரோட கண்ணு கிட்டத்தட்ட நம்ம கண்ணு மாதிரி, பச்சைக்குத்தான் முழுசா அசையும், ஆழமான நீலத்தக் கொறச்சுக் காட்டும். கேமரா செவப்பு, பச்சை, நீலம்னு மூணு சேனலா கலரப் பதியுது, மீட்டர நம்பி பவர ஏத்துனா நீல சேனல் அதோட உச்சத்துல போய் முட்டிரும், முட்டுனதுக்கப்புறமும் ஏத்துனா செவப்பும் பச்சையும் சேந்து ஏற ஆரம்பிச்சு கலர் வெளுத்துரும். அதான் நான் கேமராவோட ஒயிட் பேலன்ஸ 5500 கெல்வின்ல பூட்டிட்டு, வெளிச்சம் எவ்வளவு பதிஞ்சிருக்குன்னு காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடத்த மூணு சேனலுக்கும் தனித்தனியா பாக்க சொல்றேன், வெள்ளையா ஒண்ணா காட்டுற ஹிஸ்டோகிராம் இந்த வேலைக்கு ஆகாது.

சுங்குடில இத கண்ணால பாக்கலாம். செவப்பு சேலை, வெள்ளப் புள்ளி, அதுமேல செவப்பு ஜெல் லைட் விழுந்தா புள்ளியும் துணியும் ஒரே அளவுக்கு செவப்பத் திருப்பி அனுப்புது, புள்ளி காணாமப் போயிரும். எக்ஸ்போஷர கொறச்சாலும் கூட்டுனாலும் திரும்ப வராது. அதே சேலைல நீல ஜெல் விழுந்தா துணி கருப்பாயிரும், புள்ளி மட்டும் நீலமா பளிச்சுனு நிக்கும். முடிச்சு முடிச்சா கட்டி சாயம் முக்குனவங்க உழைப்பே அந்தப் புள்ளிலதான இருக்கு, அத நம்ம லைட்டு அழிக்கக் கூடாது. சேலைக்கு எப்பவும் ஜெல் இல்லாத வெள்ள லைட்டுதான், கலர் பின்னாடியோட நிக்கணும்.

கீ லைட் பின்னாடி போய் விழுந்தாலும் கலர் செத்துரும், ஜெல் லைட்ட அணைச்சு கீ லைட்ட மட்டும் அடிச்சு பேக்ரவுண்ட்ல அளந்து பாத்தா எவ்வளவு கசியுதுன்னு தெரிஞ்சுரும். எடம் இருந்தா ஆள ஆறேழு அடி முன்னாடி நிப்பாட்டுங்க, ரூம் சின்னதுன்னா கீ லைட்டோட சாஃப்ட்பாக்ஸுக்கு, வெளிச்சம் பக்கவாட்டுல சிதறாம தடுக்குற கட்டம் போட்ட கிரிட் மாட்டுங்க. அப்புறம் ஃப்ளாஷுக்குள்ள எப்பவும் எரிஞ்சுட்டு இருக்க மாடலிங் லாம்ப் பல்பு டைப்பா இருந்தா ஜெல் போட்டதும் அணைச்சிருங்க, சூட்டுல ஷீட்டு நடுவுல வெளுத்துச்சுன்னா மறுபடி எல்லாத்தையும் அளக்கணும்.