ஹேண்டிகேப் 20-க்கு மேல் இருந்தால் எந்தப் பந்து? கிரீனிலிருந்து பின்னோக்கிச் சோதித்துப் பார்த்தது

கோல்ஃப் பந்துப் பெட்டியைக் கையில் எடுத்தால் முதலில் கண்ணில் படுவது தூரம். ஹேண்டிகேப் (ஆட்டக்காரரின் திறனைக் காட்டும் எண்; கூடக்கூடத் திறன் குறைவு) 20-ஐத் தாண்டியவர்கள் பந்தைத் தேர்ந்தெடுக்கத் தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல. பார் 72, அதாவது 18 ஹோலுக்கும் சேர்த்து 72 அடி என்று வகுத்த மைதானத்தில் வழக்கமாக நான்கு ஹோல்கள் மூன்றே அடியில் முடிக்க வேண்டிய பார் 3. மீதி எல்லா ஹோலிலும் நீண்ட தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை எடுத்தாலும் 14 அடிதான். ஸ்கோர் நூறை ஒட்டி முடிகிறதென்றால் எண்பதுக்கும் மேற்பட்ட அடிகள் வேறெங்கோ போகின்றன. அவற்றில் பெரும்பகுதி குழி இருக்கும் குட்டைப் புல் பரப்பான கிரீனுக்கு 50 யார்டுக்குள் விழுகிற சிப் (தாழ்வான சின்ன அடி), பிட்ச் (உயரமாகத் தூக்கும் அடி), பட் (கிரீனில் உருட்டும் அடி). பந்து உதவி செய்யக்கூடிய இடமும் அதுவே.

சட்டப்படி பந்தின் எடை 45.93 கிராமை மிஞ்சக் கூடாது, விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அடிபட்டுக் கிளம்பும் வேகத்துக்கும் கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ, யுஎஸ்ஜிஏ அமைப்புகள் இரண்டும் உச்சவரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்புக்குள் எல்லாக் கம்பெனிகளும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், மிதமான வேகத்தில் வீசுபவருக்கு டிரைவரில் ஒரு மாடலுக்கும் இன்னொன்றுக்கும் சில யார்டுதான் வித்தியாசம். டிரைவர் முகத்தின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் அதைவிட அதிக தூரம் குறைந்துவிடும்.

பார்க்க வேண்டியது மேலுறை. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டே வகை. ஒன்று அயனோமர்: சர்லின் என்ற பெயரில் பலருக்குத் தெரிந்த கெட்டியான பிளாஸ்டிக். ஸ்ரிக்ஸான் சாஃப்ட் ஃபீல், கால்அவே சூப்பர்சாஃப்ட் போன்ற இரண்டு அடுக்குப் பந்துகள் இந்த வகை. மற்றொன்று யூரித்தேன்: டைட்லிஸ்ட் புரோ வி1, டெய்லர்மேட் டிபி5, ஸ்ரிக்ஸான் இசட்-ஸ்டார் முதலியவை.

முகம் நன்கு சாய்ந்த மட்டையான வெட்ஜால் அடிக்கும்போது யூரித்தேன் உறை மட்டை முகத்தின் குரூவுகளின் (கோட்டுப் பள்ளங்களின்) விளிம்பில் அழுந்திப் பிடித்துக்கொள்கிறது. பந்து சற்றுத் தாழ்வாக, நிறைய ஸ்பின்னோடு கிளம்பி, இரண்டு துள்ளலில் வேகம் இழக்கிறது. அயனோமர் முகத்தின் மேல் வழுக்கி ஏறுகிறது. உயரமாகக் கிளம்பும், ஸ்பின் குறைவு, விழுந்த பின் ஓட்டம் அதிகம். அதே வெட்ஜ், அதே வீச்சு, முடிவு வேறு. பெட்டியில் ‘சாஃப்ட்’ என்று போட்டிருப்பது பெரும்பாலும் உட்கருவின் மென்மையைச் சொல்வது. பந்தை கிரீனில் நிறுத்துவது மேலுறையின் மென்மை. இரண்டையும் ஒன்றாக நினைத்து சூப்பர்சாஃப்ட் வாங்கிவிட்டு, சிப் நிற்கவில்லையே என்று கையைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்.

கம்ப்ரஷன், அதாவது அடிபடும்போது பந்து எவ்வளவு அழுந்துகிறது என்ற விஷயமும் இதோடு ஒட்டியது. ‘மெதுவாக வீசுபவர் குறைந்த கம்ப்ரஷன் பந்தை எடுத்தால் தூரம் கூடும்’ என்ற பேச்சு கிளப்புகளில் நிலைத்துவிட்டது. உண்மையில் பந்து மென்மையாக ஆக அடிபட்டுக் கிளம்பும் வேகம் குறையும். வேகமாக வீசுபவருக்கு இழப்பு தெளிவாகத் தெரியும், மெதுவாக வீசுபவருக்கு அவ்வளவாகத் தெரியாது, அவ்வளவுதான். கையில் படுகிற அதிர்வும் சத்தமும் பிடித்திருந்தால் மென்மையான பந்தை எடுக்கலாம். தூரத்துக்காக எடுக்க வேண்டாம்.

இனி சோதனை. ஒரு அயனோமர் மாடல், ஒரு யூரித்தேன் மாடல், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்லீவ், அதாவது மூன்று பந்து. பயிற்சி ரேஞ்சில் தருகிற பந்துகளை இதில் கலக்கவே கூடாது. அவை நீடித்து உழைக்கச் செய்யப்பட்டவை; சில மைதானங்களில் தூரம் குறைக்கப்பட்ட பந்துகளைத்தான் வைத்திருப்பார்கள்.

முதலில் பட்டிங். 30 அடியிலிருந்து மாறி மாறி உருட்ட வேண்டும். கெட்டியான பந்தின் சத்தம் ‘டக்’கென்று கேட்பதால் பலமாக அடித்துவிட்டோம் என்று மனம் நினைத்து, அடுத்ததைக் குறைவாக அடிக்கும். எந்தப் பந்தில் ஆறேழு பட் அடுத்தடுத்து ஒரே அளவில் போய் நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 20 யார்டு சிப். இதில்தான் நேரம் செலவிட வேண்டும். 56 டிகிரி வெட்ஜ் ஒன்றே போதும், மாற்றக் கூடாது. கிரீனுக்குள் இரண்டடி தள்ளி ஒரு துண்டை விரித்து அதில் பந்தை விழவைக்கப் பாருங்கள். துண்டிலோ அதற்கு ஓரடிக்குள்ளோ விழுந்தவற்றை மட்டும் கணக்கில் எடுத்து, அங்கிருந்து எத்தனை காலடி ஓடியது என்று எழுதுங்கள். மண்ணைக் கிளறியதும் பந்தின் தலையில் பட்டதும் கணக்கில் வராது. அவை பந்தைப் பற்றி எதுவும் சொல்லாது. வெட்ஜ் முகத்தை ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஈரத்துணியால் துடைத்து உலர்த்துவது கட்டாயம். குரூவில் புல்லும் மண்ணும் அடைத்திருந்தால் யூரித்தேனும் அயனோமர் மாதிரியே வழுக்கி ஓடும், சோதனை வீண்.

சராசரியைவிடச் சிதறலைப் பாருங்கள். ஒரு பந்து ஐந்து காலடி, ஆறு, ஐந்து என்று ஓடுகிறது. இன்னொன்று மூன்று, எட்டு, நான்கு என்று ஓடுகிறது என்றால் முதலாவதே உங்களுக்கானது, அது விலை குறைந்த அயனோமராக இருந்தாலும் சரி. குறிப்பாக, எட்டாம் நம்பர் அயர்ன் மட்டையால் தாழ்வாகத் தட்டி உருட்டிவிடுகிற பழக்கம் உள்ளவருக்கு யூரித்தேனின் ஸ்பின் பெரிதாகப் பயன்படாது. வெட்ஜைத் தூக்கி அடித்து நிறுத்தப் பார்ப்பவருக்குத்தான் அது வேலை செய்யும்.

பிறகு 50 யார்டு பிட்ச், அதன் பின் ஏழாம் நம்பர் அயர்ன். இங்கே பந்து எந்த உயரத்தில் போய் எந்தக் கோணத்தில் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். மெதுவான வீச்சில் தாழ்வாகப் போகிற பந்து கிரீனில் விழுந்தும் நிற்காமல் அதைத் தாண்டி ஓடிப்போகும். அப்படிப்பட்டவர் உயரமாக எழும்புகிற மாடலைத் தேடலாம். கடைசியாக டிரைவர், ஏதாவது பெரிய இழப்பு இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஸ்லைஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்லைஸில் வலக்கை ஆட்டக்காரரின் பந்து வலப்பக்கம் வளைவதற்குக் காரணம், மட்டை போகும் பாதைக்கும் அதன் முகம் பார்க்கும் திசைக்கும் உள்ள வித்தியாசம். குறைந்த ஸ்பின் பந்து அந்த வளைவில் சில யார்டைக் குறைக்கலாம், நேராக்காது. ஸ்லைஸைத் திருத்துகிற பந்துகளும் இருக்கின்றன: போலாரா என்ற பந்தில் டிம்பிள்கள் (மேலே உள்ள சிறு குழிகள்) சமச்சீராக இல்லாததால் பறக்கும்போது தானே நேராகப் போகப் பார்க்கும். ஆனால் பந்து சமச்சீராகப் பறக்க வேண்டும் என்பது விதி. ஹேண்டிகேப்புக்குக் கணக்கிடும் சுற்றில் அதைப் பயன்படுத்த முடியாது.

விலை. அமெரிக்க விலையில் புரோ வி1 டஜன் 55 டாலர் அளவில் இருக்கிறது; பந்துக்கு நாலரை டாலருக்கு மேல். இரண்டு அடுக்கு அயனோமர் டஜன் 24 டாலர் என்றால் பந்துக்கு இரண்டு. சுற்றுக்கு நான்கு பந்து தொலைப்பவருக்கு 18 டாலர், 8 டாலர் என்று வித்தியாசம். பணத்தைவிட மோசமானது பயம்: தண்ணீரைத் தாண்டி அடிக்க வேண்டிய இடத்தில் நல்ல பந்தைப் பைக்குள் போட்டுவிட்டுப் பழைய பந்தை எடுப்பவர், எந்தப் பந்து எவ்வளவு ஓடும் என்பதைக் கற்றுக்கொள்ளவே முடியாது. தொலைந்தாலும் மனம் பதறாத விலையில் ஒரே மாடலை எடுத்து, 18 ஹோலும் அதையே ஆடுவதுதான் இந்தத் தேர்வின் முழுப் பலன். சிப்பில் யூரித்தேன் தேறினால், ஸ்ரிக்ஸான் கியூ-ஸ்டார் டூர், வைஸ் புரோ போன்ற மூன்று அடுக்குப் பந்துகள் நடுத்தர விலையில் கிடைக்கின்றன. சுற்றுக்கு ஆறேழு பந்து தொலைகிறதென்றால் சோதனையெல்லாம் பிறகு, அயனோமரிலேயே இருங்கள்.

பழைய பந்து வாங்குவதானால் கழுவி மட்டும் விற்பதை வாங்குங்கள். மேலே சுரண்டிப் புதுப் பெயின்ட் அடித்தவை வேண்டாம். பெயின்ட் டிம்பிளின் ஆழத்தை மாற்றிவிடும். உள்ளே எந்த மாடல் என்பதற்கும் உறுதி இல்லை.

நிறத்துக்கும் மதிப்பு உண்டு. 2019 விதிகளின்படி தொலைந்த பந்தைத் தேடும் நேரம் ஐந்து நிமிடத்திலிருந்து மூன்றாகக் குறைந்துவிட்டது. பச்சைப் புல்லில் மஞ்சள் பந்து சட்டென்று தெரியும். சருகு கொட்டிக் கிடக்கும் மரத்தடியில் வெள்ளைதான் தெரியும், மஞ்சள் பந்து பழுத்த இலைகளுக்குள் மறைந்துவிடும். பளபளப்பில்லாத மேட் சிவப்பு, நிழலில் கருத்துவிடுகிறது. பந்தில் மார்க்கரால் ஓர் அடையாளம் போட்டுவிடுங்கள். ரஃப்பில், அதாவது உயரமான புல்லில், அதே மாடல் இரண்டு கிடந்தால் எது நம்முடையது என்ற பேச்சே எழாது.

பந்தை மாற்றுவது எப்போது? சிமென்ட் பாதையில் பட்ட பந்தை நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கினால் பயிற்சிப் பைக்கு அனுப்பலாம். ஆனால் ஹோலின் நடுவில் வெறும் கீறலுக்காக மாற்ற விதி அனுமதிக்காது. வெட்டுப்பட்டோ விரிசல் விட்டோ இருக்க வேண்டும். அடுத்த ஹோலைத் தொடங்கும் டீயில் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். மீதிப் பந்துகளை வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள், நீண்ட நாள் சூடு பந்துக்கு ஆகாது. அதிகாலையில் ஆடுபவர்கள் 20 யார்டு சிப் சோதனையைப் பனி ஈரம் இருக்கும்போதே இன்னொரு முறை செய்ய வேண்டும். ஈரப்புல்லில் இரண்டு உறைகளுமே ஸ்பின்னை இழக்கும், அயனோமர் கூடுதலாக. நண்பகலில் எழுதிய காலடிக் கணக்கு காலை ஆறு மணிக்குச் செல்லாது.