சாக்குக் கழிவு

2011-ல், கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத சமயம், மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மிளகாய் வத்தல் மண்டியிலிருந்து போன் வந்தது. "சிஸ்டம் தூங்குது தம்பி. ஒரு பில்லு வர்றதுக்குள்ள லோடுமேன் டீ குடிச்சிட்டு வந்துர்றான்" என்றார் அண்ணாச்சி.

போய்ப் பார்த்தேன். விண்டோஸ் எக்ஸ்பி, 512 எம்பி (அரை ஜிபி) ரேம். ஓடிக்கொண்டிருக்கும் வேலைகளைக் கம்ப்யூட்டர் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் இடம்தான் ரேம். அதற்குள் கணக்கு சாஃப்ட்வேரும் ஆன்டிவைரஸும் நெரிசலில் நின்றன. ரேமில் இடம் பத்தாவிட்டால் விண்டோஸ் பாதிச் சாமானை ஹார்ட் டிஸ்கில் இறக்கி வைத்துவிட்டு, வேண்டும்போது திரும்ப எடுத்து வரும். டிஸ்கின் வேகம் ரேமுக்குக் கிட்டவே வராது. கேபினட் முன்னால் இருக்கும் குட்டி சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால் இந்த ஏற்றி இறக்கும் வேலைதான் நடக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அன்று அணையவே இல்லை.

ரேம் கூட்டினால் சரியாகும் என்றேன். "இருக்கிறதுலயே பெருசாப் போட்டுரு" என்றார். அந்த வேலைக்கு 2 ஜிபி தாராளம். எனக்குத்தான் பெரிய பில் ஆசை. ரேம் மாட்டும் இரண்டு ஸ்லாட்டுக்கும் 2 ஜிபி வீதம் மொத்தம் 4 என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கொண்டுபோன ரேம் உட்காரவில்லை. போர்டு டிடிஆர்2 ரக ரேமுக்கானது, என் கையில் அதற்கடுத்து வந்த டிடிஆர்3. இரண்டுக்கும் 240 பின்தான், பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். கீழே இருக்கும் வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். நல்லவேளை, அமுக்கித் திணிக்கவில்லை. மாற்றப் போனால் பழைய டிடிஆர்2-தான் விலை கூட! புதுசு வந்ததும் பழையதின் தயாரிப்பைக் குறைத்துவிடுகிறார்களே.

அப்புறம் அந்த புளோயர் கூத்து. கேபினட்டுக்குள் ஃபேன், ஹீட் சிங்க் எல்லாம் செக்கச்செவேல் என்று இருந்தது. தூசி ஊதாமல் ரேம் மாட்டாதே என்பது கடையில் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். அதை மிளகாய் மண்டியின் நடுவில் நின்று செய்யக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இரண்டே வினாடிதான் ஊதியிருப்பேன். அண்ணாச்சி, கணக்குப்பிள்ளை, சரக்கெடுக்க வந்திருந்த உசிலம்பட்டி வியாபாரி என்று வரிசையாகத் தும்மல். மிச்சத்தைத் தெருவில் வைத்து, வாயில் கர்ச்சீப் கட்டிக்கொண்டு பிரஷ்ஷால் தட்டினேன்.

ரேமை மாட்டி, இரண்டு பக்கக் கிளிப்பும் 'டக்' என்று விழுந்ததைப் பார்த்துக்கொண்டு ஆன் செய்தேன். பில் பறந்தது. அண்ணாச்சிக்குச் சந்தோஷம். பெருமையில் சும்மா இருக்காமல், "பாருங்க" என்று மை கம்ப்யூட்டரில் பிராப்பர்ட்டீஸைத் திறந்து காட்டினேன். 3.25 ஜிபி என்று இருந்தது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "நாலு போட்டா மூணேகால் காட்டுது. தராசு கோளாறா, சரக்கு கோளாறா?"

எனக்கு வியர்த்துவிட்டது. வெளியே போய் சீனியருக்குப் போன் போட்டேன். சிரித்துவிட்டுத்தான் விளக்கினார். அது 32 பிட் விண்டோஸ். ரேமில் ஒவ்வோர் இடத்தையும் கூப்பிட வீட்டுக் கதவு எண் மாதிரி ஒரு எண் வேண்டும். அதனிடம் இருப்பது 4 ஜிபிக்கான கதவு எண்கள் மட்டும். டிஸ்ப்ளே கார்டு போன்ற மற்ற உறுப்புகளுக்கும் அதிலிருந்தேதான் எண் ஒதுக்க வேண்டும். அவை எடுத்தது போக மிஞ்சுவதுதான் ரேமுக்கு. 64 பிட் போட்டால் பிரச்சினை தீரும், ஆனால் அந்தப் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்கு டிரைவர் கிடைக்குமா என்பது வேறு தலைவலி.

இதை அண்ணாச்சியிடம் கதவு எண், தெரு, தபால்காரர் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பாதியிலேயே கையமர்த்தினார்.

"சாக்குக் கழிவுன்னு சொல்லு. மூட்டைய எடை போட்டா சாக்கு எடையக் கழிக்கிறோம்ல, அதானே?"

"ஆமாண்ணாச்சி."

"இத மாட்டுறதுக்கு முன்னாடில்ல சொல்லணும்."

ரேமுக்கான பணத்தை முழுசாக எண்ணிக் கொடுத்தார். சர்வீஸ் சார்ஜில் மட்டும் ஐம்பது ரூபாயைப் பிடித்துக்கொண்டு, பில்லின் ஓரத்தில் 'கழிவு' என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன்.