புது எண் கேட்டோம், ஓர் எழுத்து கிடைத்தது

சிங்கப்பூரின் உயிரியல் ஆய்வு வளாகமான பயோபோலிஸில் ஆய்வு உதவியாளராக இருந்தபோது, நாங்கள் வளர்த்த மனிதச் செல்களில் ஏற்பி (வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைச் செல்லுக்குள் கடத்தும் புரதம்) ஒன்று வேறு மாதிரி வாலோடு கிடைத்தது. புதுத் துணைவகை, எண் போட்டுவிடலாம் என்று எல்லோருக்கும் ஆசை. பெயர் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது.

மனித மரபணுக்களுக்குக் குறியீடு தருவது எச்ஜிஎன்சி என்ற சர்வதேசக் குழு. கட்டுரை வெளிவரும் முன்பே கேட்கலாம். வரிசையை அனுப்பினோம். ஏற்கெனவே பெயருள்ள மரபணுதான், அதன் துண்டுகளான எக்ஸான்கள் சேரும் விதம் மட்டும் வேறு என்றார்கள்.

ஏற்பியின் பெயர் தனிக் கதை. அதைக் கவனிப்பது 1987இல் அமைந்த என்சி-ஐயுஃபார் என்ற சர்வதேச மருந்தியல் குழு. அமினோ அமில வரிசை, எந்த மருந்துக்கு எப்படி இணங்குகிறது, செல்லுக்குள் எந்தச் சமிக்ஞையைக் கிளப்புகிறது, மூன்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு, நரம்புச் சமிக்ஞைப் பொருளான செரட்டோனினின் ஏற்பிகளில் ஒன்றான 5-எச்டி1சி சாட்சி. 1980களில் செரட்டோனின் வலுவாக ஒட்டுகிறது என்று அதை ஒன்றாம் குடும்பத்தில் சேர்த்தார்கள். வரிசையும் சமிக்ஞையும் இரண்டாம் குடும்பத்தோடு ஒத்துப்போகவே, பிறகு 5-எச்டி2சி ஆக்கினார்கள். பழைய கட்டுரைகளைப் படித்தால் இன்றும் தலை சுற்றும்.

ஒரே மரபணுவின் மாற்று வடிவங்களுக்கு எண்ணே கிடையாது. 5-எச்டி4(ஏ) போல அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்துதான். எங்கள் பேராசிரியர் முகம் வாடிவிட்டது. கிம் மோ உணவங்காடியில் தே ஓ குடிக்கும்போது ஆய்வகத்து அண்ணன் சொன்னார்: "ஜிபிஆர்40ன்னு ஓர் ஏற்பி, எது தூண்டுதுன்னு தெரியாம வெறும் எண்ணோடுதான் கிடந்தது தம்பி. கொழுப்பமிலம் அதைத் தூண்டுதுன்னு தெரிஞ்ச பிறகுதானே எஃப்எஃப்ஏ1 ஆச்சு?"

எழுத்தையாவது போடலாம் என்றால், மதிப்பாய்வாளர் விடவில்லை. மரபணுவைப் புகுத்திய செல்லில் காட்டியது போதாது, உடலின் திசுவில் இருக்கிறதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். குறிப்பிட்ட புரதத்தில் ஒட்டி அது இருப்பதைக் காட்ட உதவும் ஆன்டிபாடியைக் கடையில் வாங்கினோம்; அழகான பட்டை காட்டியது. மரபணுவை நீக்கிய செல்லிலும் அதே பட்டை! வேறு எதிலோ ஒட்டியிருக்கிறது. இந்த ஏற்பிகளுக்கு நல்ல ஆன்டிபாடி கிடைப்பது அரிது. அப்புறம் அந்தப் புது எக்ஸான் இணைப்பை மட்டும் பிடிக்கும் பிரைமர்களை (சிறு டிஎன்ஏ துண்டுகளை) வடிவமைத்து, திசு ஆர்என்ஏவில் தேடினோம். மூளை மாதிரிகளில் கொஞ்சமும் குடலில் நிறையவும் தெரிந்தது. மாலையில் இயந்திரத்தில் அந்தச் சோதனையைத் தொடங்கிவிட்டு, காலையில் எம்ஆர்டி ரயிலில் வரும்போதே படத்தைக் கைப்பேசியில் திறந்து பார்ப்பேன்.

எழுத்தோடு கட்டுரை வந்தது. இதே வேலையில் இறங்குகிறவர்கள், ஆன்டிபாடி வாங்கும் முன் மரபணு நீக்கிய செல்லைத் தயார் செய்துவிடுங்கள்.