கிராண்டைப் பார்க்காமல் கொடுத்த ஆயிரம் வெள்ளி

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் நான். தொழிலாளர்களின் பணத்திலேயே தோட்டங்களை வாங்குவதற்காக, அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், பால் வெட்டிய காசில் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) கட்டிப் பங்கு வாங்கியவர் என் பாட்டி. "மண்ணு நம்ம பேர்ல இருக்கணும்டா" என்பார். அவர் குடியிருந்த வீடோ கடைசிவரை தோட்டத்துடையதுதான். அதனால் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை. பட்டணத்தில் ஒரு வீட்டை வாங்கி வாடகைக்கு விடுவது என்று முடிவு.

ஆரம்பமே சறுக்கல். தரகர் ஒருவர் 85,000 வெள்ளிக்கு ஒரு வீட்டைக் காட்டினார். "நாளைக்கு இருக்காது தம்பி" என்றார். 1,000 வெள்ளி முன்பணம் கொடுத்தேன். வெள்ளைத்தாளில் கையால் எழுதிய ரசீது. லாயர் ஆபீஸில் வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் சொன்னபோது, "கிராண்ட் பாத்தியா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். கிராண்ட் என்றால் நில உரிமைப் பத்திரம். நில அலுவலகத்தில் பணம் கட்டிப் பதிவை எடுத்துப் பார்த்தால், மலாய் ரிசர்வ் நிலம், மலாய்க்காரர்களுக்கென ஒதுக்கியது. என் பெயருக்கு மாற்றவே முடியாது. தரகர் அப்புறம் போனை எடுக்கவில்லை. அந்த விலைக்கு ஏன் கிடைக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்கூட வரவில்லையே!

அன்றிலிருந்து சுவரைத் தட்டிப் பார்க்கும் முன் கிராண்டைத்தான் பார்க்கிறேன். நிரந்தர உரிமையா, குத்தகையா, குத்தகை என்றால் இன்னும் எத்தனை ஆண்டு, மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா, யாராவது தடை போட்டிருக்கிறார்களா. எல்லாம் நில அலுவலகத்தில் எடுக்கும் அந்தப் பதிவில் இருக்கிறது.

அடுத்து ஏலம். கடன் கட்டாததால் ஏலத்துக்கு வந்த ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு, தொடக்க விலை 1,00,000 வெள்ளி. அதில் பத்து விழுக்காட்டை பேங்க் டிராஃப்ட்டாக எடுத்துக்கொண்டு போனால்தான் கேட்கவே முடியும். மூன்று பேர் வந்திருந்தோம். 1,05,000 வரைதான் என்று மனைவியிடம் சத்தியம் செய்துவிட்டுப் போனவன், 1,08,000க்கு முடித்தேன். ஏல அறையில் கை தானாக உயர்கிறது.

மிச்சத்தை 120 நாளில் கட்ட வேண்டும். தேசிய நிலச் சட்டப்படி நீட்டிப்பே கிடையாது. ஒரு நாள் தவறினாலும் 10,000 வெள்ளி போச்சு. லோனுக்கு ஏலம் முடிந்த பிறகா அலைவது? நான் அப்படித்தான் அலைந்தேன். முதல் பேங்க், பழைய மோட்டார் சைக்கிள் கடனில் விட்ட இரண்டு தவணையைக் காட்டிக் கைவிரித்தது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கடன் பதிவேட்டில் என்னைப் பற்றி என்ன இருக்கிறது என்று அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. இரண்டாவது பேங்க் 90 விழுக்காடு கொடுத்தது. மளிகைக்கடைக் காலண்டரில் மனைவி தினமும் ஒரு நாளாக அடித்துக்கொண்டே வந்தாள். 113ஆம் நாள் பணம் போய்ச் சேர்ந்தது.

சாவியை யாரும் கையில் தரவில்லை. உள்ளே பழைய உரிமையாளரின் குடும்பம் இருந்தது. அவர்களைக் கிளப்புவது வாங்கியவன் பாடு. கோர்ட்டுக்குப் போகலாம்தான். அந்த அண்ணன் கதவைத் திறந்தபோது சின்னப் பெண் ஒருத்தி பள்ளிச் சீருடையோடு பின்னால் நின்றாள். எனக்கு மனசு வரவில்லை. ஒரு மாத அவகாசமும், லாரி வாடகைக்கு 1,500 வெள்ளியும் கொடுத்தேன். போகும்போது கூட்டிப் பெருக்கிவிட்டுப் போனார்கள். தண்ணீர் மீட்டரைத்தான் காணோம். 640 வெள்ளி பாக்கிக்காக முன்பே கழற்றியிருக்கிறார்கள். அதையும் நான்தான் கட்டினேன்.

இப்போது வாடகை 550, தவணை 475. மாதம் 75 வெள்ளி மிச்சம் என்று கணக்குப் போட்டேன், நில வரியையும் நகராண்மைக் கழக வரியையும் மறந்துவிட்டு. போன மழையில் சமையற்கட்டுக் கூரை ஒழுகியது. பார்க்க வந்த ஆள் ஏணியிலிருந்து இறங்காமலேயே 900 வெள்ளி என்றார்.